பெரிய துரை மேசையும் ஏர்போர்ட் மேசையும்

முதல் வகுப்பு டிக்கெட்டைக் கைப்பேசியில் காட்டிய பிறகும் அம்மா புளிச்சோறு கட்டினார். வாழையிலையை அனலில் வாட்டி, மேலே பழைய நாளிதழைச் சுற்றி, ரப்பர் வளையம் போட்டு இரண்டு பொட்டலம். ஒரு சின்னப் போத்தலில் எலுமிச்சை ஊறுகாய் வேறு.

"அங்க எல்லாம் குடுப்பாங்கம்மா. பிளேன் ஏறுறதுக்கு முன்னாடியே குடுப்பாங்க."

"குடுப்பாங்க. வாயில வைக்கிற மாதிரி இருக்கும்னு யாரு சொன்னா?"

இருபத்திரண்டு வருஷம் தோட்டத்துப் பங்களாவில் துரைமார்களுக்கு ஆக்கிப் போட்டவரிடம் சாப்பாட்டைப் பற்றி வாதம் செய்யக் கூடாது. பொட்டலங்களை வாங்கிப் பையில் வைத்தேன்.

எங்களுக்கு ஊர் பந்திங். கிள்ளானிலிருந்து தெற்கே இறங்கினால் தெலுக் பங்லீமா காராங், ஜெஞ்சாரோம் எல்லாம் தாண்டி வரும். வெளியூர்க்காரர்களுக்குப் பந்திங் என்றால் சிடேக் சகோதரர்களின் பூப்பந்து, இல்லாவிட்டால் மோரிப் கடற்கரைக்குப் போகிற வழி. எங்களுக்கு அது சுற்றியுள்ள தோட்டங்கள் எல்லாம் வந்து கொட்டுகிற டவுன். சம்பளம் போட்ட வாரம் சாமான் வாங்க, பல் பிடுங்க, தாலிக்குத் தங்கம் பார்க்க, எல்லாவற்றுக்கும் இங்கேதான். ரப்பர்ப் பால்மரம் போய், எண்ணெய்க்கான செம்பனை வந்தது. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் போய்த் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகள் வந்தன. ஊரைச் சுற்றி இன்னமும் செம்பனைதான். கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் இங்கிருந்து காடியில் அரை மணி நேரம். ராத்திரி வாசலில் உட்கார்ந்தால் மரங்களுக்கு மேலே விமான விளக்குகள் இறங்கிப் போவது தெரியும்.

நான் செம்பனை ஆலைகளுக்கு இயந்திரம் பொருத்துகிற கம்பெனியில் இருக்கிறேன். பழக்குலையை வேகவைக்கிற கலன், பாய்லர், எண்ணெய் பிழிகிற பிரஸ் என்று எதையாவது பூட்டிக் கொடுக்கச் சுமத்ரா, பாப்புவா நியூ கினி, கானா என்று பதினெட்டு வருஷம் எக்கானமியில் முட்டியை மடக்கிப் போய்வந்தவன். அதில் சேர்ந்த மைல்கள், டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளக்கூடிய பயணப் புள்ளிகள், கொஞ்சம் கிடந்தன. லண்டனில் இருக்கிற தங்கை புது வீடு புகப் போவதாகச் சொன்னபோது அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது. இரண்டு முட்டியிலும் வலி. மைல்களைத் தட்டிக் கூட்டிப் பார்த்தேன். இரண்டு பேருக்கு முதல் வகுப்பு, போகிற வழிக்கு மட்டும் சரியாக இருந்தது. திரும்பி வருவது எக்கானமி.

"போறப்ப துரை, வர்றப்ப கூலியா?" என்று கேட்டுவிட்டு அம்மா ரொம்ப நேரம் சிரித்தார்.

தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு விமானத்து வகுப்புகளை யாரும் விளக்க வேண்டியதில்லை. பெரிய துரை, சின்னத் துரை, கிராணி, கங்காணி, வெட்டுக்காரர். எவர் எந்த வாசலில் நிற்கலாம், எவர் நாற்காலியில் உட்காரலாம், எவர் தொப்பியைக் கழற்ற வேண்டும் என்பது பிறக்கும்போதே தெரியும். விமானம் ஏறும் வரை காத்திருக்கிற லவுஞ்ச் என்பதும் அந்தப் புத்திதான். உலகத்தின் முதல் லவுஞ்ச் 1939இல் நியூயார்க் லாகார்டியா விமான நிலையத்தில் வந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் அட்மிரல்ஸ் கிளப். ஆரம்பத்தில் கம்பெனி யாரைக் கூப்பிடுகிறதோ அவர்களுக்கு மட்டும்தான் கதவு திறக்கும். அதைப் படித்தபோது எனக்குத் தோட்டத்துத் துரைமார் கிளப்தான் ஞாபகம் வந்தது. அதிலும் கையில் காசு இருந்தால் போதாது.

இந்தப் பூட்டை உடைத்ததில் நம் நாட்டுக்காரர் ஒருவருக்கும் பங்கு உண்டு. சோங் ஹோய் சீ. பேங்க் வேலையில் இருந்தவரைக்கும் பிசினஸ் வகுப்பில் பறந்தவர், வேலையை விட்ட பிறகு எக்கானமியில் போகும்போது லவுஞ்ச் கதவு மூடிக்கொண்டதைப் பார்த்தார். 1998இல் பிளாசா பிரீமியம் என்று ஆரம்பித்து, எந்த விமானத்தில் எந்த வகுப்பில் போனாலும் காசு கொடுத்தால் உள்ளே வரலாம் என்றார். ஹாங்காங்கிலும் நம் கோலாலம்பூரிலும் முதலில் திறந்தார். இப்போது கிரெடிட் கார்டு வைத்திருக்கிற பாதிப் பேர் லவுஞ்சுக்குள் போய் மீ கோரேங் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். நானும் போயிருக்கிறேன். தட்டு எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று, உட்கார இடம் தேடி, பக்கத்தில் யாரோ பையை வைத்திருக்க, கல்யாண மண்டபத்து மூன்றாவது பந்தி மாதிரிதான் இருக்கும்.

முதல் வகுப்பு லவுஞ்சுக்கும் மற்றவற்றுக்கும் உள்ள வித்தியாசம் சாப்பாடு என்று நினைத்திருந்தேன். அது இல்லை. முதல் வகுப்பில் நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். அவ்வளவுதான். உட்கார்ந்த இடத்துக்கு மெனு வரும், தட்டு வரும், தண்ணீர் வரும், கடைசியில் விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்ற செய்தியும் வரும். மனிதனை உட்கார வைத்து வைத்திருப்பதற்குத்தான் அத்தனை காசு. என் அம்மா உட்கார்ந்து சாப்பிட்டு நான் அதிகம் பார்த்ததில்லை.

அம்மா பங்களாவுக்குப் போனது 1966இல், பதினாறு வயதில். அங்கே முதலில் ஒரு ஹைலாம் சீனர் சமையல்காரராக இருந்தார். அந்தக் காலத்துப் பங்களாக்களில் ஹைலாம் சமையல்காரர்கள் நிறைய. எல்லாரும் அவரைக் குக்கி என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் அம்மாவுக்கே தெரியாது. அம்மா அவருக்கு அம்மியில் மசாலா அரைத்துக் கொடுத்தார். அவர் அம்மாவுக்குச் சிக்கன் சாப், வெள்ளை சாஸ், கேரமல் கஸ்டர்ட் எல்லாம் சொல்லிக் கொடுத்தார். குக்கி நின்ற பிறகு குசினி முழுக்க அம்மா கைக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறி டிபன். பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் குடும்பத்தோடு வருவார்கள். கோழிக் குழம்பு, பருப்பு, அப்பளம், சம்பால், பொரித்த நெத்திலி, வறுத்த கச்சான், துருவிய தேங்காய், நறுக்கிய அன்னாசி, வாழைப்பழம் என்று சின்னச் சின்னக் கிண்ணங்களில் மேசை நிறைந்துவிடும். கடைசியில் சவ்வரிசியை வேகவைத்து ஆறவைத்து, தேங்காய்ப்பாலும் குலா மெலாக்கா வெல்லப்பாகும் ஊற்றிக் கொடுப்பது. அதைச் சாப்பிட்டவர் அன்றைக்கு எழுந்து வேலைக்குப் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் போகவும் வேண்டாம்.

மேசை வைப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. முள்கரண்டி இடது பக்கம், கத்தி வலது பக்கம், கத்தியின் கூர் தட்டைப் பார்த்து. கிளாஸ் கத்தி முனைக்கு நேர் மேலே. பரிமாறுவது இடப்பக்கம், தட்டு எடுப்பது வலப்பக்கம். செர்வியட்டைக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து மடித்து வைக்க வேண்டும். அம்மா நாப்கின் என்று சொன்னதே இல்லை, இன்றைக்கும் செர்வியட்டுதான். இதையெல்லாம் லயத்தில் பாயில் உட்கார்ந்து கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்களுக்குக் கதை மாதிரி சொல்வார்.

அந்தக் கதையை நாங்கள் கேட்டதற்குக் காரணம், அன்று சாயங்காலம் அடுக்குச் சட்டியில் மிச்சம் வரும். கோழிக் குழம்பின் அடி, உடைந்த அப்பளம், இரண்டு கரண்டி சவ்வரிசி. ஞாயிறு சாயங்காலம் எங்கள் வீட்டில் யாரும் விளையாடப் போக மாட்டோம். பங்களாவுக்கு ஏறுகிற செம்மண் பாதையையே பார்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்போம்.

1981 செப்டம்பரில் லண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்துக்குள் கத்ரி என்கிற பிரிட்டிஷ் தோட்டக் கம்பெனியை மலேசியா வாங்கிப் போட்டது. எங்கள் தோட்டம் வேறு கம்பெனி, ஆனாலும் அந்தக் காலத்தையொட்டித்தான் எங்கள் பங்களாவிலும் வெள்ளைக்காரர் போய் உள்ளூர்க்காரர் வந்தார். அவரும் துரைதான். அம்மாவுக்கு இதனால் நேர்ந்த ஒரே மாற்றம், குழம்புக்கு மிளகாய் கூடுதலாகப் போடலாம் என்று உத்தரவு வந்ததுதான்.

சரி, விமான நிலையத்துக்கு வருவோம்.

1998 ஜூனில் இது திறந்தபோது நான் படித்துக்கொண்டிருந்தேன். அதுவரைக்கும் வெளிநாடு என்றால் சுபாங் விமான நிலையம்தான். சிப்பாங்கில் 100 சதுர கிலோமீட்டர் நிலத்தை இதற்காக ஒதுக்கினார்கள், பெரும்பாலும் செம்பனை. புத்ராஜெயா நகருக்குப் பிராங் பெசார் தோட்டம் போனது போல இங்கேயும் தோட்டங்கள் போயின. வரைபடம் போட்டவர் ஜப்பானியர், கிஷோ குரோகாவா. காட்டுக்குள் விமான நிலையம், விமான நிலையத்துக்குள் காடு என்பது அவருடைய எண்ணம். அதனால்தான் விமானம் ஏறுகிற சாட்டிலைட் கட்டடத்து நடுவில் நிஜ மரங்கள் நிற்கின்றன. அம்மா கண்ணாடி வழியாக அதைப் பார்த்தார். "இருந்ததை வெட்டிட்டு, அப்புறம் கொஞ்சத்தை திரும்ப நட்டு வச்சிருக்காங்க" என்றார்.

ஊறுகாய் அதற்கு முன்னாலேயே போய்விட்டிருந்தது. பாதுகாப்புச் சோதனையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது. ஊறுகாய் திரவமா என்று அம்மா கேட்டார். எண்ணெய் மிதக்கிறதே என்றார் அதிகாரி. நியாயமான பதில்தான். புளிச்சோற்றை அவர் மோந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

நாங்கள் போனது 2024இல். சாட்டிலைட்டுக்குப் போகிற ஏரோடிரெயின் 2023 மார்ச்சில் நின்று, 2025 ஜூலையில்தான் மறுபடி ஓடியது. ஆகவே பஸ். முதல் வகுப்புக்காரர்களான நாங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி போனோம். ஒரு வங்காளதேசத்துப் பையன் எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தான். அன்றைக்குக் கிடைத்த முதல் உபசாரம் அதுதான், காசு கொடுக்காமல் கிடைத்தது.

லவுஞ்ச் எந்த நிறுவனத்துடையது என்று இங்கே சொல்லப் போவதில்லை. வாசலில் இருந்த பெண்மணி எங்களைப் பார்த்தார். அம்மாவின் நூல் புடவை, அதன் மேல் போட்டிருந்த என் பழைய ஸ்வெட்டர், கையில் மினி மார்க்கெட் பிளாஸ்டிக் பை. "மக்சிக், இது முதல் வகுப்பு. மற்றது அந்தப் பக்கம்" என்று மலாயில் சொன்னார். மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. வழி தெரியாமல் வந்துவிட்டவர்களுக்கு உதவி செய்வது போல்தான். நான் போர்டிங் பாஸை நீட்டினேன். இயந்திரம் பச்சை காட்டியது. அந்த ஒரு நொடியில் மக்சிக் என்கிற அத்தை, புவான் என்கிற அம்மணி ஆகிவிட்டார். என் காது சிவந்தது. அம்மாவுக்கு அது பெரிதாகவே படவில்லை. "அவ என்னா பண்ணுவா, அவ வேலை அது" என்று உள்ளே நடந்தார்.

உள்ளே முதலில் தெரிந்தது சத்தம் இல்லாததுதான். கம்பளம் காலடியைத் தின்றுவிடுகிறது. இரண்டு ஆள் உட்காரக்கூடிய நாற்காலியில் ஒரு ஆள். ஒவ்வொரு நாற்காலிக்கும் பக்கத்தில் விளக்கு, சார்ஜ் போடச் செருகி. சுவர் முழுக்கக் கண்ணாடி. வெளியே விமானத்தின் வயிற்றில் பெட்டி ஏற்றுகிறவர்கள் வாயசைத்துக் கத்திக்கொண்டிருந்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டு அறை தனி. வெள்ளைத் துணி விரித்த பத்துப் பன்னிரண்டு மேசை.

எந்தக் கரண்டியை முதலில் எடுப்பது, ரொட்டித் தட்டு எந்தப் பக்கத்தது என்று எனக்குத்தான் உள்ளுக்குள் உதறல். அம்மா உட்காரவில்லை. மேசைக்குப் பக்கத்தில் நின்று, தலையைச் சாய்த்து, கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கத்தியைக் கொஞ்சம் நகர்த்திக் கூரை உள்பக்கம் திருப்பினார். செர்வியட்டை இரண்டு விரலால் தடவி, "கஞ்சி போடல" என்றார். அப்புறம்தான் உட்கார்ந்தார், நாற்காலி நுனியில், எந்த நேரமும் எழுந்துவிடப் போகிறவர் மாதிரி.

"பாட்டி, பசியாறுறீங்களா?"

நிமிர்ந்தோம். கறுப்புச் சட்டை, கொண்டையைச் சுற்றி வலை, இருபத்து மூன்று இருபத்து நான்கு வயது இருக்கும். நம் பெண். எத்தனை லவுஞ்சில் எத்தனை மொழியில் வரவேற்றாலும் பசியாறுறீங்களா என்பதற்கு ஈடு இல்லை. அம்மாவின் முதுகு நாற்காலியில் சாய்ந்தது அப்போதுதான்.

சாலாக் திங்கியில் வீடு என்றாள். "எங்க தாத்தா பாட்டி இருந்த தோட்டம் இங்கதான் எங்கயோ இருந்துச்சாம் பாட்டி. ரன்வேக்கு அடியிலன்னு அப்பா சொல்வாரு."

"என்னா வேலை பாத்தாங்க?"

"தாத்தா வெட்டுக்காரரு. பாட்டி ஆயாக் கொட்டகையில பிள்ளைங்களப் பாத்துக்கிட்டாங்க."

அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் பேசினார்கள்; நான் மெனுவைப் படித்தேன். ஒரே அட்டை, விலை போடாதது. விலை இல்லாத மெனுவைப் படிப்பது ஒரு விசித்திரமான அனுபவம். கண் தானாக வலது ஓரத்துக்குப் போய், ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வருகிறது. ஆட்டு ஸ்டேக், சால்மன், லக்சா, நாசி லெமாக், சத்தே. இனிப்பில் க்ரெம் காரமெல். அதை வாய்விட்டுப் படித்ததும் அம்மா நிமிர்ந்தார்.

"அது கேரமல் கஸ்டர்ட்தானே? பேரை மாத்திட்டா?"

சத்தே ஒரு பிளேட், எனக்கு லக்சா, அம்மாவுக்கு அந்தக் கஸ்டர்ட். சாப்பாட்டுக்கு முன்னால் இனிப்பா என்று அந்தப் பெண் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள்.

சத்தே நன்றாகவே இருந்தது. கரியில் சுட்ட வாடை இல்லை, மின்சார அடுப்பாக இருக்கும். கச்சான் குழம்பு மட்டும் கொஞ்சம் இனிப்புத் தூக்கல். லக்சாவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கஸ்டர்ட்தான் விஷயம்.

வெள்ளைத் தட்டில் கவிழ்த்து வந்தது, மேலே பழுப்புப் பாகு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா உடனே சாப்பிடவில்லை. தட்டை மெதுவாக ஒரு சுற்றுத் திருப்பி, பக்கவாட்டில் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "ஓட்டை இல்ல பாரு" என்றார். தண்ணீரில் வைத்து அவிக்கும்போது தண்ணீர் கொதித்துவிட்டால் கஸ்டர்டின் ஓரத்தில் பொடிப்பொடியாக ஓட்டை விழுமாம். குக்கி அதைப் பார்த்தால் தட்டோடு கொட்டிவிடுவாராம். அப்புறம் கரண்டியின் பின்பக்கத்தால் ஒரு தட்டு; அது லேசாக நடுங்கி நின்றது. ஒரு வாய் எடுத்து, நாக்கில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முட்டை வாடை இல்ல. நல்லா வடிகட்டியிருக்கான். ஆனா சீனியைக் கருக விடப் பயந்துட்டான். இன்னும் ஒரு நிமிசம் விட்டிருந்தா கசப்பு வந்திருக்கும். அந்தக் கசப்பு இல்லாட்டி இது வெறும் பாலு."

இதைச் சமையல்காரரிடம் சொல்லட்டுமா என்று கேட்டாள் அந்தப் பெண், விளையாட்டாக. சொல்லு என்றார் அம்மா, விளையாட்டாக இல்லாமல்.

சாப்பிட்டு முடித்ததும் அம்மாவின் கை தானாக வேலை செய்ய ஆரம்பித்தது. சத்தே குச்சிகளை ஒரே தட்டில் சேர்த்து, மற்றதை அதன் அடியில் அடுக்கி, கரண்டிகளை ஒரு பக்கமாக வைத்தார். "விடுங்க பாட்டி லா, நான் எடுத்துக்குவேன்" என்று வந்தவளைப் பார்த்து, "நீ தப்புப் பக்கமா எடுக்கிறே. தட்டு வலது பக்கமா எடுக்கணும்" என்றார்.

"டிரெய்னிங்ல சொல்லிக் குடுத்தாங்க பாட்டி. ஆனா அந்தப் பக்கம் சுவரு இருக்கே."

அம்மா திரும்பிச் சுவரைப் பார்த்தார். ஒத்துக்கொண்டார்.

பக்கத்து மேசையில் ஒருவர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு வந்ததிலிருந்து பேசிக்கொண்டே இருந்தார். முன்னால் ஆட்டு ஸ்டேக், ஒரு ஓரம் மட்டும் வெட்டியிருந்தது. பேசி முடித்து, மணியைப் பார்த்து, எழுந்து போய்விட்டார். அம்மா அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அதை எடுக்க வந்தபோது மெல்லிய குரலில் கேட்டார்.

"மிச்சம் எங்கம்மா போகும்?"

"கொட்டிருவாங்க பாட்டி."

"நீங்க யாரும்...?"

"எடுக்கக் கூடாது பாட்டி. வீட்டுக்கெல்லாம் கொண்டு போனா வேலை போயிரும்."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பிளாஸ்டிக் பையைத் திறந்து, ஒரு பொட்டலத்தை எடுத்து, மேசைத் துணிக்கு அடியில் மறைத்து வைப்பது மாதிரி அவள் பக்கம் நகர்த்தினார். "இது மிச்சம் இல்ல. காலையில கட்டினது" என்றார். அவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, தட்டுக்கு அடியில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். விருந்தாளிகளிடமிருந்து சாப்பாடு வாங்கலாமா என்று அவர்கள் விதியில் இருக்கிறதோ இல்லையோ, எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அப்புறம் குளியலறை. எல்லா நல்ல லவுஞ்சிலும் இது உண்டு, முதல் வகுப்பில் கதவுக்கு வெளியே நின்று முறை வைக்க வேண்டியதில்லை. உலகத்தில் இதைவிடப் பெரிய ஆடம்பரங்கள் இருக்கின்றன. பிராங்ஃபர்ட்டில் லுஃப்தான்சா 2004இல் முதல் வகுப்புக்கென்று தனிக் கட்டடமே திறந்தது. குளிக்கத் தொட்டி, அதில் மிதக்க ரப்பர் வாத்து, விமானத்தின் படிக்கட்டு வரைக்கும் கொண்டு விட ஒரு காடி. துபாயில் 2013இல் திறந்த ஒரு கட்டடத்தில் முதல் வகுப்புக்கு ஒரு மாடி முழுசும் கொடுத்துவிட்டார்கள். லவுஞ்சிலிருந்தே நேராக விமானத்துக்குள் போய்விடலாம். சிட்னி லவுஞ்சின் உள்வடிவத்தைச் செய்தவர் மார்க் நியூசன் என்கிற பேர்பெற்ற வடிவமைப்பாளர். இதிலெல்லாம் நான் காலெடுத்து வைத்ததில்லை. வாத்தை மட்டும் ஒருநாள் பார்க்க ஆசை.

எங்கள் லவுஞ்சில் வாத்து இல்லை. சுடுதண்ணீர் நன்றாக இருந்தது. அம்மா முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தார், விபூதி வைத்துக்கொண்டு. உள்ளே எட்டிப் பார்த்தேன். கை கழுவும் தொட்டியைத் துடைத்துக் காயவைத்து, தரையில் சொட்டிய தண்ணீரைக் கால்மிதியால் ஒற்றி, துண்டை நான்காக மடித்துக் கம்பியில் போட்டிருந்தார். யாரும் அங்கே குளித்த அடையாளமே இல்லை.

ஓய்வெடுக்கிற பகுதியில் சாய்நாற்காலி கிட்டத்தட்ட கட்டில். அந்தப் பெண் போர்வை கொண்டுவந்து போர்த்திவிட்டாள். இரவு விமானத்துக்குத் தரையிலேயே சாப்பிட்டுவிட்டு, ஏறியதும் படுத்துத் தூங்குவதுதான் புத்திசாலித்தனம் என்று அடிக்கடி பறக்கிறவர்கள் சொல்வார்கள். காரணம் உண்டு. விமானத்துக்குள் காற்றின் ஈரம் 20 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடுகிறது. மூக்கு காய்ந்தால் நாக்குக்குப் பாதி வேலைதான். இன்ஜின் இரைச்சலும் சேர்ந்து உப்பையும் இனிப்பையும் மங்க வைத்துவிடும். தரையில் ருசியாக இருந்த குழம்பு மேலே போனால் பத்தியச் சாப்பாடு.

இந்த ஞானத்தையெல்லாம் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோதே நான் தூங்கிவிட்டேன். அங்கேதான் தப்பு நடந்தது. இப்படிப்பட்ட இடங்களில் அறிவிப்பு செய்ய மாட்டார்கள். அமைதியைக் கெடுக்கக் கூடாதாம். ஆள் வந்து சொல்வார்கள் என்றார்கள். சொல்ல வேண்டியவருக்கு ஷிப்ட் மாறியதோ என்னவோ, யாரும் வரவில்லை. கைப்பேசியில் அலாரம் வைத்திருக்க வேண்டியது என் வேலை, அதையும் செய்யவில்லை. ஆலையில் பாய்லருக்கு மூன்று அலாரம் பூட்டுகிறவன் நான்.

எழுப்பியது அதே பெண். வேலை முடிந்து சாதாரண உடுப்பில் இருந்தாள், தோளில் பை. "பாட்டி! கேட் மூடப் போறாங்க, எந்திரிங்க!"

அம்மாவின் முட்டிக்கு அன்றைக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. கம்பளத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் போனார். அந்தப் பெண் கூடவே ஓடி வந்து, கேட்டில் நின்றவர்களிடம் மலாயில் என்னவோ சொல்லி, கையெடுத்துக் கும்பிடக்கூட நேரமில்லாமல் எங்களை உள்ளே தள்ளிவிட்டாள். பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. சட்டையில் இருந்த பெயர் அட்டையை அப்போது கழற்றியிருந்தாள்.

விமானத்தில் முதல் வகுப்பு எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். கட்டில் நீளம், கதவு உண்டு, பணிப்பெண்கள் தங்கமானவர்கள். சாப்பாடு நான் சொன்ன மாதிரியே மங்கலாக இருந்தது. வங்காள விரிகுடாவுக்கு மேலே எங்கேயோ, அம்மா கதவைச் சாத்திக்கொண்டு இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்தார். அந்தச் சின்ன அறை முழுக்கப் புளியும் பெருங்காயமும் மணந்தது. அவ்வளவு உயரத்திலும் புளி கொஞ்சங்கூட மங்கவில்லை. ஊறுகாய்தான் இல்லை.

திரும்பி வரும்போது எக்கானமியில் நடு சீட். அம்மா முணுமுணுக்காமல் வந்தார். ஊருக்கு வந்த வெள்ளிக்கிழமை கோயிலில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். முதல் வகுப்பு, லவுஞ்சு, எப்படி, என்ன கொடுத்தார்கள், நிஜமாகவே காசு கேட்கவில்லையா?

"சாப்பாடு பரவால்ல. கஸ்டர்டுக்குச் சீனி கருகல. நம்ம பொண்ணு ஒன்னு இருந்துச்சு, தங்கம். துண்டு மட்டும்தான், அடேயப்பா, என்னா கனம்! ஈரமா இருந்தா தூக்கவே முடியாது."

அந்தக் கனத்தில் ஒரு துண்டு வேண்டும் என்று இன்னமும் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் தேடிக்கொண்டிருக்கிறார். நான்தான் காடி ஓட்டிக்கொண்டு கூடப் போகிறேன். கடைக்காரர் எடுத்துப் போடுவதையெல்லாம் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்க்கிறார், காதோரமாகத் தேய்த்துப் பார்க்கிறார். "இது இல்லப்பா" என்று மடித்து, அது இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடக்கிறார்.